கோவணமும் கோட்டும்



இந்த இதழ் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. இதழ் பிந்தினால் காசு இல்லை என்று எழுதுவது சிறுபத்திரிகை வழக்கம். இந்த முறை காசு இருந்தது. கம்பத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் தோழர்கள் சந்தா அனுப்பியிருந்தார்கள். உள்பக்கங்களும் தயார். அட்டைப்படத்தில் சண்டை வந்து எல்லாம் நின்றுபோனது. அந்தச் சண்டையை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்று குழு சொல்லிவிட்டதால் அதையே தலையங்கமாக எழுதுகிறேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் கூடினோம். கௌமாரியம்மன் கோயில் பக்கம் ராட்டினங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் போட்டுவிட்டுப் போன வேப்பிலை கரையெங்கும் காய்ந்து கிடந்தது. குழு என்றால் ஐந்து பேர்தான். வங்கியில் எழுத்தராக இருக்கிற நான், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி, ஒரு தங்கை, துப்புரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். இதழுக்குக் கவிதை தேர்வு செய்யும்போது கடைசி வார்த்தை பெரியவருடையது. "புரியல, எடுத்துரு" என்றால் எடுத்துவிடுவோம். என் கவிதைகளும் அப்படி நிறையப் போயிருக்கின்றன.

தம்பி ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஓர் இளைஞன் நிற்கிறான். இடுப்பில் கோவணம் மட்டும். முதுகில் வெளிச்சம் எண்ணெய் போல வழிகிறது. முகம் நிழலில் இருக்கிறது. "உடல் அரசியல் சிறப்பிதழுக்கு இதைவிட நல்ல அட்டை கிடைக்காதுண்ணே" என்றான். இதே ஆள் எடுத்த வேறு படங்களில் அந்தக் கோவணமும் இருக்காது என்று சொல்லி அவற்றையும் காட்டினான்.

பெரியவர் வாங்கிப் பார்த்தார். "ஏம்ப்பா, நாங்க அம்மணமா நின்னது பத்தாதுன்னு அட்டையில வேற நிக்கணுமா?"

"அய்யா, இது அவமானப் படமில்ல. கறுப்பு உடம்ப இவ்வளவு அழகா யாரு எடுத்திருக்கா, சொல்லுங்க?"

"அழகாத்தான் இருக்கு. யாரு இது?"

"லயனல் வென்ட். இலங்கைக்காரர்."

"எடுத்தவன் யாருன்னு கேக்கல. நிக்கிறவன் யாருன்னு கேட்டேன்."

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது. இரண்டு மாதமாக அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

*

முதலில் எடுத்தவரைப் பற்றி. தெரியாமல் திட்டுவதும் தெரியாமல் கும்பிடுவதும் நம் வேலையில்லை.

லயனல் வென்ட் 1900 டிசம்பரில் கொழும்பில் பிறந்தவர். பறங்கியர் சமூகம். அப்பா உச்ச நீதிமன்ற நீதிபதி. வசதிக்குக் குறைவில்லை. இலண்டனில் சட்டம் படித்தார், அதோடு பியானோவும் முறையாகக் கற்றார். 1924-இல் ஊர் திரும்பியபின் சட்டம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. பியானோ வாசித்தார், ஓவியம் பற்றி எழுதினார், ஜார்ஜ் கீற்று போன்ற ஓவியர்களைத் தாங்கிப் பிடித்தார். 1930களின் தொடக்கத்தில் கேமராவைத் தீவிரமாக எடுத்தார். 1934-இல் இலங்கையின் புகைப்படச் சங்கம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1938-இல் இலண்டனில் அவர் படங்கள் மட்டும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1943-இல் கொழும்பில் பிரிட்டிஷ் அகாதமி ரசனைக்கு எதிராக ஓவியர்கள் கூடி ‘43 குழு’ என்று தொடங்கினார்களே, அது கூடியது அவருடைய வீட்டில்தான். அடுத்த ஆண்டு, 1944 டிசம்பரில், நாற்பத்து நான்கு வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவர் கையால் போட்ட பிரிண்டுகள்தான் மிச்சம். 1950-இல் இலண்டனில் அவற்றைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. 1953-இல் அவர் பெயரில் கொழும்பில் அரங்கம் திறந்தார்கள். 2017-இல் ஐரோப்பாவின் பெரிய கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவில் அவர் படங்களை மாட்டினார்கள். புகைப்படக் கலைஞராக அவர் வேலை செய்த காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான்.

அவர் எடுத்தவை பல வகை. கண்டி நடனக்காரர்கள், கடல், விகாரைகள், மீனவர்கள், பெண்கள், மேசைமேல் பரப்பிய பொருட்கள். ஆனால் இன்று உலகம் அவரைத் திரும்பத் திரும்பப் பேசுவது ஆண் உடம்புகளுக்காகத்தான். இருட்டறையில் அவர் செய்த வேலையும் அதோடு சேர்ந்தது. சோலரைசேஷன் என்று ஒரு முறை. படம் மருந்தில் பாதி துலங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஒரு நொடி வெளிச்சம் காட்டுவது. ஒளியும் இருளும் சில இடங்களில் இடம் மாறிவிடும், உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழும், தோல் வெண்கலம் மாதிரி ஆகிவிடும். பாரிசில் மேன் ரே செய்த வித்தை அது. கொழும்பில் உட்கார்ந்து அதை மீனவன் முதுகுக்கும் உழைப்பாளி தோளுக்கும் செய்து பார்த்தவர் வென்ட்.

இதில் புதிது என்ன என்று கேட்கலாம். அவருக்கு முன்னால் கேமரா நம்மை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் அது விளங்கும். 1868-இலிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்று பிரிட்டிஷ் அரசு படப்புத்தகம் போட்டது. சாதிக்கு ஒரு படம், கீழே சாதிப் பெயர், குணம், எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கருவி வைத்து மூக்கை அளந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி எழுதினார். அந்தக் கேமராவுக்கு முன்னால் நின்றவன் மனுசனில்லை, மாதிரி. வென்ட் அந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டார். சாதி எழுதவில்லை, மூக்கை அளக்கவில்லை. விரும்பிப் பார்த்தார். கறுப்பைக் கறுப்பாகவே அச்சிட்டார்.

நம்மூர் ஸ்டுடியோக்களை நினைத்துப் பாருங்கள். படம் எடுக்கும் முன் குட்டிக்கூரா பவுடரை அப்பி, எடுத்தபின் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து, கறுப்பு மூஞ்சியை வெளுக்க வைப்பதுதான் தொழில் திறமை. அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் தம்பிக்கு ஏன் கண் கலங்கியது என்று புரியும்.

இன்னொன்று. ஆணை விரும்பிய ஆண் என்றே வென்ட்டைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர்கள் இன்று எழுதுகிறார்கள். அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இலங்கையில் 1883-இன் தண்டனைச் சட்டம் அதைக் குற்றம் என்றது. அதை நீக்குவதற்கு ஒரு மசோதா வந்து, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2023 ஆகிவிட்டது. நம் நாட்டில் 377-ஆம் பிரிவின் அந்தப் பகுதி போனது 2018 செப்டம்பரில். ஆகவே அந்தப் படங்களில் பார்க்கிறவனுக்கும் பயம் இருந்திருக்கிறது. பணக்காரன்தான், பறங்கிதான், நீதிபதி மகன்தான். ஆனாலும் ஒளிந்து பார்க்க வேண்டியவன். ஒளிந்து வாழ்ந்தவர்களின் வலி நமக்குத் தெரியாததில்லை.

*

இப்போது பெரியவர் பக்கம் வருகிறேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடு மாடுகளை ஓட்டிப் போனார்கள்.

அதே டிசம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உடுத்தியிருந்ததை இங்கே அவர்களுடைய சனம் உடுத்தினால் வீடு எரியும். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1921 செப்டம்பரில், மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறினார். வரலாற்றுப் புத்தகம் அதைத் தியாகம் என்று சொல்கிறது. இருக்கட்டும். கழற்றுவதற்கு முதலில் சட்டை இருக்க வேண்டும். போடாதே என்று சொல்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது. அம்பேத்கர் சிலைக்கு நீலக் கோட்டு போடுகிறோமே, அது இந்தக் கணக்குத் தெரிந்து போட்ட கோட்டு.

வென்ட் கேமராவை எடுத்தது இந்தத் தடைகள் வந்த ஆண்டுகளில்தான். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ‘இடுப்புக்கு மேலே துணி கூடாது’ என்பது சாதிக் கட்டளை. அந்தப் பக்கம் இடுப்புக்கு மேலே துணியில்லாத உடம்பு அழகியல். நடுவில் இருப்பது கொஞ்சம் கடல்தான். அந்தக் கடலைத் தாண்டி மதுரை, திருச்சி, சேலம் சில்லாக்களிலிருந்து நம் சனம் தேயிலைக்குப் போனது. மண்டபம் முகாமில் உடம்பைச் சோதித்துப் பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். 1934-இல் பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற புகழ்பெற்ற ஆவணப்படத்தில் வர்ணனைக் குரல் வென்ட்டுடையது. அருமையான குரல் என்கிறார்கள். படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியம். தேயிலை பறித்தவர்களின் குடியுரிமையை 1948-இல் உரித்துப் போட்டார்கள். அதுவும் ஒரு அம்மணம்தான்.

இது பழங்கதை இல்லை. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவரின் ஆடையைப் பலவந்தமாக உரிவதும், அவரை நிர்வாணமாக ஊர்வலம் விடுவதும் தனிக்குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறது. 2015 திருத்தத்தில் மீசையை மழிப்பதையும் சேர்த்தார்கள். நடக்காத ஒன்றுக்குச் சட்டத்தில் இடம் ஒதுக்க மாட்டார்கள். நிர்வாணம் நமக்குக் கலை ஆவதற்கு முன்பே சட்டப் பிரிவு ஆகிவிட்டது. பெரியவர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தது ஒழுக்கவாதம் இல்லை. அவர் சாக்கடைக் குழிக்குள் ஜட்டியோடு இறங்கியவர். மேலே நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த பார்வை அவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்கதை ஒன்று. எங்கய்யாவுக்கு ஒரே ஒரு போட்டோ உண்டு. 1982-இல் கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் கோட்டு போட்டிருப்பார். கை நீளம் பத்தாது, தோள் பெரிசு, மணிக்கட்டு வெளியே தெரியும். அது ஸ்டுடியோ கோட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் அதே கோட்டுதான். ஆற்றுப் பாசனத்து வயலில் மேலில் துணியில்லாமல் உழைத்த ஆள், படத்தில் மட்டும் கோட்டோடு இருந்தார். சின்ன வயசில் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

வங்கியில் நாள் முழுக்க நான் பார்ப்பது முகங்கள். இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் கைநாட்டு. 2014-இல் ஜன்தன் கணக்கு தொடங்கிய நாட்களில் வரிசையில் வந்த வயசாளிகள் பலர் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கொள்வார்கள், எடுத்ததும் கழற்றி மடித்துவிடுவார்கள். "படத்துல சட்டையில்லாம இருந்தா கணக்கு குடுப்பீங்களா சார்?" என்று ஒருத்தர் கேட்டார். கொடுப்போம் என்றுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை. சரியாகத்தான் நம்பவில்லை.

*

அப்படியானால் அம்மணமே நமக்கு ஆகாதா? அதுவும் இல்லை. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருசத்துக்கு மேலாக, துணியே இல்லாமல், நம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறார்கள். யாரும் வெட்கப்பட்டதில்லை. உடம்பை அருவருப்பாக ஆக்கியது பார்ப்பனியம். தீட்டு என்ற சொல்லாடல் முதலில் உட்கார்ந்தது நம் தோல் மேலேதான். அந்த அருவருப்பை நாமே சுமந்துகொண்டு, ‘நம்ம உடம்பைக் காட்டாதே’ என்று சொன்னால் அவர்கள் வேலையை நாம் செய்கிறோம். தம்பி சொன்னதில் இந்த நியாயம் இருக்கிறது. தன் உடம்பு அழகு என்று ஒரு பையன் முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்த்து உணர்ந்தால் அதைப் பறிக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் பெரியவர் கேள்வி அப்படியே நிற்கிறது. நிற்கிறவன் யார்?

இங்கே ஒரு ஒப்புதல் செய்ய வேண்டும். என் முதல் தொகுப்பில் பாப்லோ நெரூதாவுக்கு ஒரு கவிதை சமர்ப்பணம் செய்திருக்கிறேன். நம் கவியரங்குகளில் அவர் பெயர் சொல்லாத மேடை உண்டா? அவர் 1929-இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். 1974-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் லயனல் வென்ட்டைப் பாராட்டி எழுதுகிறார். வென்ட் வாரா வாரம் ஒரு சைக்கிள்காரர் மூலம் மூட்டை நிறையப் புத்தகம் அனுப்புவாராம். அதே கொழும்பு நினைவுகளில்தான், தன் வீட்டுக் கக்கூஸ் வாளியை அள்ள வந்த பெண்ணைப் பற்றியும் எழுதுகிறார். பறையர் சாதித் தமிழ்ப் பெண் என்று அவரே சொல்கிறார். அவளுடைய அழகைச் சிலையோடு ஒப்பிடுகிறார். ஒரு நாள் காலை அவள் கையைப் பிடித்து இழுத்துப் படுக்கைக்குக் கொண்டுபோனதையும், அவள் கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அது வல்லுறவு. வேறு பெயர் கிடையாது. 2018-இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயர் வைக்கப் பார்த்தபோது அந்நாட்டுப் பெண்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். அவளுடைய சொந்தக்காரர்களான நாம் எத்தனை பேர் எதிர்த்தோம்? நான் எதிர்க்கவில்லை. அந்தச் சமர்ப்பணத்தை இந்த இதழில் திரும்பப் பெறுகிறேன்.

இதை வென்ட் மேல் சுமத்தவில்லை. அவர் செய்த குற்றமில்லை அது. ஆனால் ஒரே ஊர், ஒரே காலம், ஒரே நட்பு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. நெரூதாவுக்கு, வென்ட்டுக்கு, கீற்றுக்கு. புத்தகம் சுமந்த சைக்கிள்காரருக்குப் பெயரில்லை. வாளி சுமந்த அவளுக்குப் பெயரில்லை. வென்ட்டின் கேமரா முன் நின்ற பெரும்பாலான ஆண்களுக்கும் பெயரில்லை. கறுப்பு உடம்பைச் சிலையாகப் பார்க்கிற பார்வை அருவருப்பைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் சிலையிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. ‘உனக்குச் சம்மதமா’ என்றும் கேட்பதில்லை.

இதைச் சொன்னதும் தங்கை மறித்தாள். "அண்ணே, பேர மறைக்கிறது எப்பவும் அழிக்கிறது இல்ல. காப்பாத்தறதும்தான். அன்னிக்கு அந்த ஆம்பளைங்க பேரு வெளிய வந்திருந்தா ஊருக்குள்ள இருந்திருக்க முடியுமா?" அவள் சொன்ன உதாரணம் சுனில் குப்தா. 1953-இல் தில்லியில் பிறந்த புகைப்படக்காரர். 1986-87-இல் தில்லியில் ஆணை விரும்பும் ஆண்களைப் படம் எடுத்தார். அவர்களில் பலர் முகம் காட்ட முடியாது. ஆனால் அவர்கள் பேசிய பேச்சைப் படங்களோடு போட்டார். முகமில்லை, பேரில்லை, ஆனால் குரல் இருக்கிறது. அது அவர்களும் சேர்ந்து செய்த முடிவு. தங்கை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் இல்லாதது மட்டும் பிழையில்லை. பெயரைச் சொல்வதா மறைப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மேப்பிள்தார்ப் என்ற வெள்ளைக்காரர் கறுப்பின ஆண்களின் உடம்பை எடுத்து 1986-இல் ‘பிளாக் புக்’ என்று வெளியிட்டார். கொபெனா மெர்சர் என்ற கறுப்பின விமர்சகர் அதே ஆண்டில் அதைக் கடுமையாகச் சாடினார்: கறுப்பனைத் தோலாகவும் குறியாகவும் சுருக்கிவிட்டார் என்று. சில ஆண்டுகள் கழித்து அவரே தன் கட்டுரையைத் திருத்தி எழுதினார். தானும் ஆணை விரும்புகிறவன், அந்தப் படங்களைத் தானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன், அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதியது நேர்மையில்லை என்ற இடத்துக்கு வந்தார். க்ளென் லைகன் என்ற கறுப்பின ஓவியர் 1991-க்கும் 1993-க்கும் இடையில் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைச் சுவரில் மாட்டி, இடையிடையே பலரும் அதைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்தார். எரிக்கவில்லை, கும்பிடவுமில்லை. விளிம்பில் நின்று பேசினார். எங்களுக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. கேமராவை நாமே எடுப்பது. மதுரையைச் சேர்ந்த மு. பழனிகுமார் மலக்குழித் தொழிலாளர்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுக்கிறார். 2017-இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். அவர் படங்களிலும் அரைநிர்வாண ஆண் உடம்புகள் இருக்கின்றன. குழியிலிருந்து வெளியே வரும் தலை, தோள், கழுத்துவரை கழிவு. அங்கே வெளிச்சம் வெண்கலமாக வழிவதில்லை. ஆனால் செத்தவர்களின் குடும்பத்தோடு உட்கார்ந்து, செத்தவர் பெயரைக் கேட்டு எழுதுகிறார். தொழிலாளர் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித் தருகிறார். 2013-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2014-இல் பத்து லட்சம் என்றிருந்த இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக்கியது. செத்த உடம்புக்கு விலை ஏறுகிறது. குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. இந்த உடம்புகளைப் பார்க்காமல் வென்ட்டின் உடம்புகளை மட்டும் பார்த்து ‘ஆஹா’ என்று சொல்கிற அழகியல் நமக்கு வேண்டாம். இந்த உடம்புகளை மட்டுமே பார்த்து, கறுப்பு உடம்பு என்றால் கழிவும் காயமும்தான் என்று நின்றுவிடுகிற அரசியலும் வேண்டாம். நம் பையன்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

*

எங்கள் முடிவு இது.

வென்ட் படம் அட்டையில் இல்லை. நடுப்பக்கத்தில் முழுப் பக்கமாக இருக்கிறது. கீழே இப்படிப் போட்டிருக்கிறோம்: ‘படம் எடுத்தவர்: லயனல் வென்ட். படத்தில் இருப்பவர்: பெயர் தெரியாது.’ அந்த இரண்டாவது வரியை எடுத்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவர் பெரியவர்.

அட்டைக்கு அவரையே படம் எடுக்கலாம் என்று தம்பி கேட்டுப் பார்த்தான். "என்னய எடுக்காத. எனக்குப் புடிக்கல" என்றார். அவ்வளவுதான், விட்டுவிட்டோம். வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஒரு ஆள் எங்கள் குழுவில் இருக்கிறார் என்பதே போதும்.

கடைசியில் எங்கய்யா போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "கோட்டு யாருது?"

"ஸ்டுடியோவுது."

"அப்ப அதையும் போடு."

ஆகவே அட்டையில் எங்கய்யா இருக்கிறார். உள்அட்டையில் அவர் பெயரும், அதற்குக் கீழே ‘கோட்டு: ஸ்டுடியோவுடையது’ என்ற வரியும் இருக்கின்றன. என் அப்பா படத்தை அட்டையில் போட்டுக்கொண்டேன் என்று யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சுவரிலோ தகரப் பெட்டியிலோ இருக்கிற பழைய போட்டோக்களை நகல் எடுத்து அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் பெயர், எந்த ஊர், எந்த வருசம், எடுத்தது யார், போட்டிருக்கிற சட்டை சொந்தமா இரவலா என்று பின்னால் எழுதுங்கள். சட்டையில்லாத படம் என்றாலும் அனுப்புங்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். போடவா வேண்டாமா, பெயர் சொல்லவா வேண்டாமா என்று அவர் சொல்வதே முடிவு. அடுத்த இதழ் அந்தப் படங்களோடு வரும். பிந்தினால், இந்த முறை காரணம் காசாகவே இருக்கும்.

— ஆசிரியர் குழுவுக்காக, வீரபாண்டி